2040 ஜனவரியை யார் நினைவில் வைத்திருப்பார்?

2019 பெப்ரவரி 8ஆம் திகதி, ரொறன்ரோ நீதிமன்றமொன்றில் நீதியரசர் ஜோன் மக்மாஹன் எட்டு மனிதர்களைக் கொன்ற புரூஸ் மக்கார்தருக்கு ஆயுட்சிறை விதித்தார். இருபத்தைந்து ஆண்டுகள் கழிந்த பின்னரே அவர் பரோல் எனப்படும் நிபந்தனை விடுதலையைக் கோரலாம் என்பது தீர்ப்பு. குற்றவாளிக்கு அன்று 67 வயது. பரோல் கோரும் தகுதி அவருக்கு 91ஆவது வயதிலேயே வரும் என்று மறுநாள் எல்லாப் பத்திரிகைகளும் எழுதின. 'இனி அவன் வெளியே வரப்போவதில்லை' என்று எம்மவர் பலரும் பேசிக்கொண்டனர். நானும் அவ்வாறே எண்ணிக் கொண்டு அடுத்த செய்திக்குப் போய்விட்டேன்.

சில ஆண்டுகளின் பின், வேறொரு கட்டுரைக்காகக் கனடிய குற்றவியல் சட்டக்கோவையைப் புரட்டியபோதுதான் அந்த 91 என்ற எண் முழு உண்மையன்று என்பது தெரிந்தது. ஆயுட்சிறைக் கைதி ஒருவர் முழுப் பரோலுக்குத் தகுதி பெறுவதற்கு மூன்று ஆண்டுகள் முன்னதாகவே பகல்நேரப் பரோலுக்கு விண்ணப்பிக்கலாம். பகலில் வெளியே நடமாடி, இரவில் அதற்கென அமைந்த விடுதிக்குத் திரும்பும் ஏற்பாடு அது. இருபத்தைந்து ஆண்டுகளும் தீர்ப்பு நாளிலிருந்தன்றிக் கைதான நாளிலிருந்தே கணக்கிடப்படும். மக்கார்தர் கைதானது 2018 ஜனவரி 18. ஆகவே, அவர் உயிரோடிருந்தால், முதற்கதவைத் தட்டக்கூடிய காலம் 2040 ஜனவரி. தட்டும் எல்லாக் கதவும் திறப்பதில்லை. இக்கதவு பெரும்பாலும் திறக்காது என்றே நானும் கருதுகிறேன். ஆனால் அது தட்டப்படும்போது, கொல்லப்பட்டோரின் குடும்பங்களில் எவர் அங்கே இருப்பர், எவர் இருக்க இயலாது என்பதே என்னை இக்கட்டுரையை எழுத வைத்தது.

எட்டுப் பேரில் இருவர் தமிழர்.

ஸ்கந்தராஜ் நவரத்தினம் தொண்ணூறுகளில் இலங்கையிலிருந்து அகதியாக வந்தவர். 2010 செப்ரெம்பரின் முதல் வாரத்தில், தொழிலாளர் தின விடுமுறையை ஒட்டிய நாட்களில், சேர்ச் வீதிப் பகுதியில் கடைசியாகக் காணப்பட்டார். அப்போது அவருக்கு 40 வயது. தன்பாலீர்ப்புடையோர் அச்சமின்றிக் கூடிப் பழகும் சுற்றாடல் அது. அங்கே அவருக்கு நண்பர்கள் இருந்தனர், அவர்கள் தேடினர், பொலிஸாரிடம் முறையிட்டனர். எமது கோயில்களிலும் ஊர்ச்சங்கங்களிலும் அவரைப் பற்றி எவரும் உரத்துப் பேசியதாக நான் கேள்விப்படவில்லை. ஏன் பேசவில்லை என்பது வாசகர்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதன்று.

மற்றவர் கிருஷ்ணகுமார் கனகரத்தினம். நவரத்தினம் மறைவதற்கு மூன்று வாரங்களுக்கு முன்னர், 2010 ஓகஸ்ட் 13ஆம் திகதி, 'எம்.வி. சன் சீ' என்ற கப்பல் 492 தமிழரோடு கனடாவின் மேற்குக் கரையை வந்தடைந்தது அல்லவா? அதில் வந்தவர்களுள் அவரும் ஒருவர். போரின் இறுதிக் கட்டத்திலிருந்து தப்பிய அந்த மனிதர்களைக் கரையிலே வரவேற்றது தடுப்புக்காவல். கனகரத்தினத்தின் அகதிக் கோரிக்கை பின்னர் நிராகரிக்கப்பட்டது. நாடுகடத்தப்படுவோம் என்ற அச்சத்தோடு இந்நகரில் ஒதுங்கி வாழ்ந்தார். 2015 இறுதியிலோ 2016 தொடக்கத்திலோ அவர் கொல்லப்பட்டார். வயது 37.

அவரைக் காணவில்லை என்று எவரும் முறையிடவில்லை. இலங்கையிலிருந்த குடும்பத்தினர், அவர் அதிகாரிகளுக்கு அஞ்சித் தொடர்பைத் துண்டித்துக்கொண்டு மறைந்து வாழ்கிறார் என்றே நம்பியிருந்தனர். தேடினால் காட்டிக்கொடுத்ததாகிவிடும் என்ற பயத்தில் தேடாமலிருப்பதே அன்பின் வடிவமாகிவிட்ட நிலை அது. 2018 மார்ச்சில் ரொறன்ரோ பொலிஸார் இறந்த மனிதர் ஒருவரின் முகத்தைப் படமாக வெளியிட்டு, 'இவர் யார்?' என்று ஊரைக் கேட்டனர். ஐந்நூறுக்கும் மேற்பட்ட தகவல்கள் வந்தன. ஏப்ரல் நடுப்பகுதியில்தான் அம்முகத்துக்கு ஒரு பெயர் கிடைத்தது. லீசைட் பகுதியில், மலொறி கிறெசென்ட் என்ற தெருவில், மக்கார்தர் தோட்டவேலை செய்த வீடொன்றின் பெரிய பூச்சாடிகளுக்குள் மீட்கப்பட்ட எச்சங்களில் அவருடையவையும் இருந்தன.

அந்தப் படம் வெளிவந்த நாளில் நானும் அதைப் பார்த்தேன். எம்மவர் முகம் என்று உடனே தோன்றிற்று. என் அகதிக் கோரிக்கைக்கு விடை வராத மாதங்களில், நிலக்கீழ் அறையொன்றில் குடியிருந்தபோது, பொலிஸ் வாகனம் வீதியில் திரும்பினாற் போதும், செய்யாத குற்றத்துக்குத் தலைகுனிந்து மறுபக்கம் கடந்துவிடுவேன். பல்கலைக்கழகத்தில் நூற்றுக்கணக்கான மாணவர் முன் நின்று விரிவுரை செய்தவன், கதவு தட்டப்பட்டால் விளக்கை அணைத்துவிட்டு மூச்சடக்கி இருந்திருக்கிறேன். அக்காலத்தில் என்னை எவராவது கொன்றிருந்தால் யார் போய் முறையிட்டிருப்பார்? என்னோடு அறையைப் பகிர்ந்தவருக்கும் கடதாசி இல்லை.

காணாமற்போனோர் விடயத்தில் ரொறன்ரோ பொலிஸார் எங்கே தவறினர் என்பதை ஆராய்ந்த முன்னாள் நீதியரசர் குளோரியா எப்ஸ்ரைன் 2021 ஏப்ரலில் 151 பரிந்துரைகளுடன் அறிக்கை வெளியிட்டார். மக்கார்தர் 2013இல் ஒருமுறை பொலிஸாரால் விசாரிக்கப்பட்டவர். 2016இல், தன் கழுத்தை நெரிக்க முயன்றார் என்று ஒருவர் முறையிட்டபோது கைதாகி, குற்றச்சாட்டின்றி விடப்பட்டவர். அதன் பின்னர் மேலும் இருவர் இறந்தனர். அவ்வறிக்கை தனியே எழுதப்பட வேண்டியது. இங்கு பரோலுக்கே திரும்புகிறேன்.

தண்டனை விசாரணையின்போது அரச தரப்பு 50 ஆண்டுகள் கோரிற்று. அன்று நடைமுறையிலிருந்த 2011ஆம் ஆண்டுச் சட்டம், பலரைக் கொன்றவருக்கு இருபத்தைந்து ஆண்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்க இடமளித்தது. எதிர்த்தரப்பு 25 போதும் என்றது. குற்றவாளி எட்டுக் கொலைகளையும் ஒப்புக்கொண்டு குடும்பங்களை நீண்ட வழக்கிலிருந்து தப்புவித்ததையும் அவரது வயதையும் கருதி, நீதியரசர் 25ஐத் தெரிந்தார். மனம் நொந்தோர் பலர். ஆயினும் 2022 மே 27ஆம் திகதி கனடிய உச்ச நீதிமன்றம் அவ்வாறு அடுக்குவதே அரசியலமைப்புக்கு முரண் என்று ஏகமனதாகத் தீர்த்தது. கியூபெக் பள்ளிவாசலில் 2017இல் ஆறு பேரைச் சுட்டுக்கொன்ற அலெக்ஸாந்தர் பிசொனெற் என்பவரின் வழக்கு அது. தீர்ப்பு 2011 வரை பின்னோக்கிச் செல்லும் என்றும் மன்று கூறியது. ஆகவே மக்கார்தருக்கு 50 விதிக்கப்பட்டிருந்தாலும் அது நிலைத்திராது.

இதில் என் கருத்தையும் ஒளிக்காமற் சொல்லிவிடுகிறேன். விசாரணையே இன்றிப் பத்து, பதினைந்து ஆண்டுகள் எம் இளைஞர்கள் சிறைகளில் அடைக்கப்பட்ட நாட்டிலிருந்து வந்தவன் நான். விடுதலையின் சாத்தியத்தை ஒரு மனிதனிடமிருந்து முற்றாகப் பறிக்கும் அதிகாரம் எந்த அரசுக்கும் இருக்கலாகாது என்பதில் எனக்கு ஐயமில்லை. இந்நகரின் டொன் சிறையில் 1962 டிசெம்பர் 11ஆம் திகதி இருவர் தூக்கிலிடப்பட்டனர். கனடாவில் நிகழ்ந்த இறுதித் தூக்கு அது. 1976இல் கொலைக்கான மரணதண்டனை ஒழிக்கப்பட்டபோது, அதற்கு ஈடாகவே முதலாந்தரக் கொலைக்கு இருபத்தைந்து ஆண்டு என்ற கணக்கு வந்தது. அந்தப் பேரத்தை நான் ஏற்கிறேன். ஆனால் அதன் சுமையைச் சுமப்பவர் சட்டம் இயற்றியவரல்லர்.

யார் சுமக்கின்றனர் என்பதை அறிய வேண்டுமாயின் போல் பேர்னார்டோவின் வழக்கைப் பார்க்கலாம். எம்மவர் செறிந்து வாழும் இதே ஸ்காபரோவில் வளர்ந்தவர் அவர். எண்பதுகளின் இறுதியில் இங்குள்ள பஸ் தரிப்பிடங்களில் இறங்கி வீடுநோக்கி நடந்த பெண்களைத் தாக்கிய அதே மனிதர், பின்னர் பேர்லிங்டனைச் சேர்ந்த 14 வயது லெஸ்லி மஹாபியை 1991இலும், சென் கதறின்ஸைச் சேர்ந்த 15 வயது கிறிஸ்டன் பிரெஞ்சை 1992இலும் கடத்திக் கொன்றார். 1995 செப்ரெம்பர் 1ஆம் திகதி ரொறன்ரோவில் தீர்ப்பு. இருபத்தைந்து ஆண்டுகள் என்பது அன்று எல்லோருக்கும் முடிவில்லாக் காலமாகத் தோன்றியிருக்கும்.

காலம் முடிந்தது. 2018 ஒக்ரோபர் 17ஆம் திகதி பரோல் சபை கூடியது. சிறுமிகளின் தாய்மார், கொன்றவனோடு ஒரே அறையில் அமர்ந்து, கால் நூற்றாண்டுக்கு முன் இழந்த பிள்ளை யார், எப்படிச் சிரித்தாள், அவளில்லாத வீட்டில் என்ன நடந்தது என்பதை அதிகாரிகளுக்குப் படித்துக் காட்ட வேண்டியிருந்தது. சபை ஏறத்தாழ அரைமணி நேரத்தில் மறுத்துவிட்டது. 2021 யூன் மாதம் மீண்டும் கூட்டம். பெருந்தொற்றுக் காலமாதலாற் காணொளி வழியே. மீண்டும் மறுப்பு. 2023 மே மாத இறுதியில் அவர் ஒன்ராறியோவின் உச்ச பாதுகாப்புச் சிறையிலிருந்து கியூபெக்கின் லா மக்காசா என்ற நடுத்தரப் பாதுகாப்புச் சிறைக்கு மாற்றப்பட்டார். ஏன் என்று குடும்பங்களின் சட்டத்தரணி ரிம் டான்சன் கேட்டபோது, கைதியின் அந்தரங்க உரிமை குறுக்கே நின்றது. நாடெங்கும் எழுந்த கொந்தளிப்பில் பொதுப் பாதுகாப்பு அமைச்சரும் சில வாரங்களில் பதவி இழந்தார். 2024 நவம்பரில் மூன்றாவது விசாரணை. பாதுகாப்புக் காரணத்தால் குடும்பத்தினர் நேரில் வரலாகாது என்று முதலிற் சொல்லப்பட்டது. கண்டனம் எழவே வரலாம் என்று மாற்றப்பட்டது. மீண்டும் மறுப்பு.

மறுத்த பின்னும் ஐந்து ஆண்டுகளுக்கு மேற்படாமல் இன்னொரு பரிசீலனை வந்தே தீரும் என்பது விதி. அரைமணி நேர முடிவுக்குப் பின்னே எத்தனை மாத உறக்கமின்மை இருந்திருக்கும் என்பதைப் பிள்ளையைப் பறிகொடுத்தோர் அறிவர். எழுத வேண்டும், எழுதியதைக் கிழித்து மீண்டும் எழுத வேண்டும், கொன்றவன் செவியிலும் அது விழும் என்று தெரிந்தே எழுத வேண்டும். வராமலிருந்தால் மறந்துவிட்டதாக எண்ணிவிடுவார்களோ என்ற அச்சம் வேறு.

இத்துணை துன்பம் தரும் அந்த நாற்காலியைத்தான் கனகரத்தினத்தின் தாய்க்கும் வேண்டும் என்று நான் கேட்கிறேன். முரணாகத் தோன்றலாம். 

2015 யூலையில் நடைமுறைக்கு வந்த கனடிய பாதிக்கப்பட்டோர் உரிமைச் சாசனம், தகவல் பெறவும், பாதுகாப்புக் கோரவும், தம் கருத்தைச் சொல்லவும் பாதிக்கப்பட்டோருக்கு உரிமை உண்டு என்கிறது. கொல்லப்பட்டவரின் தாய், தந்தை, துணை, பிள்ளை, உடன்பிறந்தோர் யாவரும் அவர் சார்பில் அவ்வுரிமையைப் பயன்படுத்தலாம். ஆனால் அதே சாசனத்தின் 19ஆம் பிரிவில், எளிதிற் கண்ணிற் படாத ஒரு வரி இருக்கிறது. இவ்வுரிமைகளைப் பயன்படுத்துபவர் கனடாவுக்குள் இருப்பவராகவோ, கனடியப் பிரஜையாகவோ, நிரந்தர வதிவுரிமை பெற்றவராகவோ இருக்க வேண்டும் என்பதே அது.

வாசகர்கள் ஒரு கணம் நின்று இதை எண்ணிப் பார்க்க வேண்டும். இந்நாடு ஒரு மனிதரின் கோரிக்கையை நிராகரித்தது. நிராகரிக்கப்பட்டதால் அவர் மறைந்து வாழ்ந்தார். மறைந்து வாழ்ந்ததால் அவர் காணாமற்போனதை எவரும் சொல்லவில்லை. இறுதியில் இந்நாட்டு மண்ணிலேயே, இந்நாட்டவர் ஒருவராற் கொல்லப்பட்டார். அவரை ஏற்காத எல்லை அவர் தாயின் முன்னும் நிற்கிறது.

அதிகாரிகளைக் குறைகூற நான் எழுதவில்லை. பரோல் சபையை ஆளும் சட்டம் வேறு. கேட்டுக்கொள்ளும் குடும்பத்தினருக்குத் தகவல் தருமாறு அது பணிக்கிறது. தண்டனை விசாரணையின்போதும் மன்று இலங்கையிலிருந்த குடும்பத்தைப் புறக்கணிக்கவில்லை. குடும்பத்தின் துயரம் எழுத்தில் வந்து மன்றில் வாசிக்கப்பட்டது. அவரோடு ஒரே கப்பலில் வந்த நண்பர் ஒருவரும் எழுந்து பேசினார். தம் நிலையும் உறுதியற்ற காலத்தில் கடலைக் கடந்து வந்தவர்களுள் ஒருவர், அரச நீதிமன்றத்தில் எழுந்து நின்று இறந்தவருக்காகப் பேசியது சிறிய செயலன்று. ஆனால் வழக்கு நடக்கும்போது அரச சட்டத்தரணி குடும்பத்தைத் தேடிப் போவார். பரோல் நடக்கும்போது எவரும் தேடிப் போவதில்லை. குடும்பமே முன்வந்து பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு செய்யாதோருக்குக் கடிதம் வராது. விசாரணை நடந்ததும் தெரியாது.

'தாயகத்தில் கொலையாளிகள் சுதந்திரமாகத் திரிகையில், இங்கே ஒரு பதிவுக்காக இவ்வளவு எழுத வேண்டுமா?' என்று எம்மவரிற் சிலர் கேட்பர். நியாயமான கேள்வி. மிருசுவிலை எவரும் மறந்திருக்க மாட்டோம். 2000 டிசெம்பரில், இடம்பெயர்ந்திருந்தோர் தம் வீடு வளவைப் பார்த்துவரச் சென்றபோது, ஐந்து வயதுக் குழந்தை உட்பட எட்டுப் பேர் வெட்டிக் கொல்லப்பட்டுப் புதைக்கப்பட்டனர். இராணுவத்தினர் ஒருவர் குற்றவாளியாகக் காணப்படுவதற்குப் பதினைந்து ஆண்டுகள் சென்றன. 2015 யூனில் சுனில் ரத்நாயக்கவுக்கு மரணதண்டனை விதிக்கப்பட்டது. 2019இல் உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. 2020 மார்ச் 26ஆம் திகதி, பெருந்தொற்று ஊரடங்கில் நாடே முடங்கிக் கிடந்தபோது, ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச அவருக்கு மன்னிப்பு வழங்கி விடுவித்தார். சபை கூடவில்லை. அறிக்கை வாசிக்கப்படவில்லை. குடும்பங்களை எவரும் கேட்கவில்லை. பின்னர் அவர்கள்தாம் மன்னிப்பை எதிர்த்து மன்றை நாட வேண்டியிருந்தது.

மிருசுவிலில் எட்டுப் பேர். ரொறன்ரோவிலும் எட்டுப் பேர். இரண்டையும் அருகருகே வைத்து நான் பல நாள் யோசித்ததுண்டு. ஓரிடத்தில் ஒரு கையொப்பம் போதுமாயிருந்தது. மற்றோரிடத்தில் குற்றவாளி கேட்க வேண்டும், காத்திருக்க வேண்டும், இறந்தோரின் உறவினர் சொல்வதைக் கேட்டுக்கொண்டு அமர்ந்திருக்க வேண்டும். அந்தத் தாய்மார் மூன்றாண்டுக்கொருமுறை படும் பாட்டைக் கண்டபின்னும், கேட்கப்படாமலிருப்பதைவிடக் கேட்கப்படுவதே மேல் என்று எனக்குத் தோன்றுவதற்குக் காரணம் இதுதான். இங்கே கிடைக்கும் அந்த ஒன்றையும், அறியாமையாலோ தூரத்தாலோ எம்மவர் இழந்துவிடலாகாது.

ஆகவே சில நடைமுறைச் செய்திகள். இது மக்கார்தர் வழக்குக்கு மட்டுமன்றி, இந்நாட்டிற் கொலையாலோ வேறு கொடுங்குற்றத்தாலோ உறவை இழந்த எந்தத் தமிழ்க் குடும்பத்துக்கும் பொருந்தும். அத்தகையோர் எம்மிடையே பலர் உளர். குற்றவாளிக்கு இரண்டாண்டுகளோ அதற்கு மேலோ தண்டனை விதிக்கப்பட்டிருப்பின், கனடிய பரோல் சபையிடமோ கனடிய திருத்தச் சேவையிடமோ குடும்பத்தினர் பதிவு செய்துகொள்ளலாம். ஓரிடத்திற் பதிந்தால் மற்றதற்கும் அதுவே போதும். கட்டணம் கிடையாது. பதிந்தோருக்கு விசாரணைத் திகதி, சிறை மாற்றம், தற்காலிக வெளியேற்றம் முதலானவை அறிவிக்கப்படும். நேரில் விரும்பாதோர் ஒருவரைத் தம் பிரதிநிதியாக நியமித்து, கடிதங்களை அவருக்கு அனுப்பச் செய்யலாம். ஊரிலிருக்கும் வயோதிபத் தாய்க்கு இங்குள்ள மருமகனோ நண்பரோ அவ்வாறு அமையலாம்.

விசாரணையில் வாசிக்கப்படும் அறிக்கை முன்கூட்டியே எழுத்தில் ஒப்படைக்கப்பட வேண்டும். ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ இருக்க வேண்டும். அதன் பிரதி குற்றவாளிக்கும் கொடுக்கப்படும் என்பதை எழுதுவோர் மனத்திற் கொள்ளல் நன்று. முகவரியோ பிள்ளைகளின் பாடசாலையோ அதில் இடம்பெறலாகாது. நேரில் வர இயலாதோர் அதை ஒலியிலோ ஒளிநாடாவிலோ பதிவு செய்தும் அனுப்பலாம்.

பதிந்தவர் வீடு மாறினால் புதிய முகவரியையும் தொலைபேசி இலக்கத்தையும் தாமே சபைக்கு அறிவிக்க வேண்டும். எனக்கு இந்நாட்டில் இதுவரை ஏழு முகவரிகள்.